அண்டாவில் வெட்டிய பெயர்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலை ஒட்டி ஓட்டுச் சாய்ப்பு ஒன்று இருந்தது. உள்ளே நாலு பித்தளை அண்டா, சோறு வடிக்கும் கூடைகள், ஆள் உயரக் கரண்டிகள், இரண்டு பெரிய ஜமக்காளம், ஒரு ஜோடி பெட்ரோமாக்ஸ் விளக்கு. வீட்டுப் பாத்திரம் என்றால் வாங்கியவர் பெயரோ சீராகக் கொடுத்தவர் பெயரோ வெட்டியிருக்கும். இந்த அண்டாக்களின் விளிம்பில் ‘தெற்குத் தெரு பொது’ என்று உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டியிருந்தார்கள். அதில் ஒன்றில் மட்டும் துணைக்கால் தேய்ந்துபோய் ‘பெது’ என்று படிக்கும்படி இருக்கும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதற்கு ‘பெது அண்டா’ என்றே பேர் வைத்திருந்தோம்.

சாவி வைத்திருந்தவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று உண்டு. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்றால் சிறு வாடகை. சாவு வீட்டுக்கு வாடகை கிடையாது, கேட்டுப் போகவும் வேண்டாம். சேதி தெரிந்தவுடன் அவரே ஆள் விட்டு அனுப்பிவிடுவார். திரும்பி வரும்போது புளி போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். கரண்டி ஒன்று குறைந்தால் நோட்டில் ஏறும், அடுத்த திருவிழாவில் வரியோடு சேர்த்து வசூலாகும். எழுபது எண்பது வீடுகள் இருந்த தெரு. எந்த வீட்டிலும் சொந்த அண்டா இல்லை. அண்டா இல்லாததால் எந்த வீட்டு விருந்தும் நின்றதில்லை.

இப்போது நான் குடியிருப்பது பதினாறு வீடுகள் கொண்ட அடுக்ககம். முதல் மாடிப் பெரியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் வாக்கர், சக்கர நாற்காலி, கம்மோடு நாற்காலி மூன்றும் தயாராக இருக்க வேண்டும் என்றார்கள். மகள் அலைந்து திரிந்து, சொன்ன விலைக்கு மூன்றையும் வாங்கிவந்தார். ஒரு மாதம் கழித்து மூன்றாம் மாடி அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். நாற்காலியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “அடடா, எங்க மாமியாருக்கு வாங்கினது மூணும் பரண்ல சும்மாதானே கெடக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எறக்கிக் குடுத்திருப்பேனே.”

மாமியார் காலமாகி மூன்று வருடம். மூன்று வருடமாகப் பாலிதீன் உறைக்குள் அந்தப் பொருள்கள் தூங்கியிருக்கின்றன. நடுவில் இருந்தது இரண்டு மாடிப் படிகள்தான். இதில் வீணான பணம் பெரிய தொகை என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மாவுக்கு வாக்கரின் உயரத்தை எப்படிச் சரிசெய்வது என்று தெரியும். படுக்கைப் புண் வராமல் எத்தனை மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், எந்த மாத்திரைக்கு மலச்சிக்கல் வரும், படுத்திருப்பவரின் கோபத்தை எதுவரை பொறுத்துக்கொள்வது எல்லாம் தெரியும். முதல் நாளே அவர் வாக்கரோடு இறங்கி வந்திருந்தால் இவை அத்தனையும் கூடவே வந்திருக்கும். பரணில் பூட்டிக் கிடந்தது இந்த அனுபவமும்தான்.

பொருளைக் குறைத்து வாழ்வது பற்றி நம்மிடம் பேச்சுக்குக் குறைவில்லை. மேடையில் காமராஜர் விட்டுச்சென்ற வேட்டி சட்டைகளை எண்ணிச் சொல்வோம், கைதட்டுவோம், வெளியே வந்து தவணையில் வாங்கிய காரில் ஏறுவோம். மகான்களின் எளிமை நமக்கு ரொம்ப வசதி. அது நம்மால் ஆகாத காரியம் என்று ஒப்புக்கொண்டதோடு கடமை முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஜப்பானிலிருந்து அலமாரி அடுக்கும் கலை வேறு வந்திருக்கிறது. மகிழ்ச்சி தராத பொருளைக் கழித்துவிட வேண்டுமாம். எங்கள் வீட்டு குக்கர் எனக்கு ஒருநாளும் மகிழ்ச்சி தந்ததில்லை. அதைக் கழித்துவிட முடியுமா?

இந்த இரண்டு வகைப் பேச்சிலும் ஒரே ஓட்டை இருக்கிறது. பொருளைக் குறைப்பது ஒரு தனியாள் தன் மனத்தை அடக்கிச் சாதிக்கிற துறவு என்று இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. எங்கள் தெருக்காரர்கள் அண்டாவைத் துறந்தவர்கள் கிடையாது. தெருவில் நாலு இருந்தது, நம்பிக் கேட்க முடிந்தது, அதனால் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடிகிறவர்தான் குறைவாக வைத்துக்கொள்ள முடியும். தட்ட முடியாதவர் எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கித்தான் தீரவேண்டும். அப்படி வாங்கிய ஒவ்வொன்றும் தட்டாமல் விட்ட ஒரு கதவுக்குக் கணக்கு.

காந்தியின் கதையையேகூட நாம் பாதிதான் சொல்கிறோம். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து அவர் நாலு முழத் துண்டோடு வெளியே வந்தார். அந்நியத் துணியை விடச் சொன்னீர்கள் சரி, கதர் வாங்கக் காசு எங்கே என்று ஏழைகள் கேட்ட கேள்வி அவரைப் பல நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. முதலில் சில வாரங்களுக்கு மட்டும் என்றுதான் அறிவித்தார். துணியைக் குறைப்பதில் அவருக்குத் தனியாக ஒரு சுகம் இருந்ததால் செய்ததல்ல அது. எதிரே நின்றவர்களின் இடுப்பைப் பார்த்துத் தன் உடையை அளந்தார். அன்றைய கணக்கில் முதலில் வந்தவர்கள் மனிதர்கள், துணி அதற்குப் பிறகுதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாதவரிடம் போய்க் ‘குறை’ என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. 2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது நகரத்து வரவேற்பறைகளில் ‘இலவசம் நாட்டைக் கெடுக்கிறது’ என்று நிறையப் பேசினார்கள். பேசியவர் வீட்டில் மாவு அரைத்தது மின்சாரம். ஆட்டுக்கல்லின் முன்னால் நாள்தோறும் ஒரு மணி நேரம் குந்தியிருந்த பெண்ணுக்கு அந்த கிரைண்டர் ஒரு மணி நேர ஆயுளைத் திருப்பிக் கொடுத்தது. அது தேவையான பொருள். ஒரே வீட்டில் மூன்று கிரைண்டர் இருப்பதைப் பற்றித்தான் நாம் இங்கே பேசுகிறோம். ஒன்று ஓடுவது, ஒன்று கல்யாணத்துக்கு வந்தது, ஒன்று ‘கொடுத்துவிடலாம்’ என்று எடுத்து வைத்துக் கொடுக்காமல் போனது.

தேவைக்கும் மிகைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் நம் கண்முன் விரித்துக் காட்டியது. முதல் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரி உபரிநீரும் பெருமழையும் சேர்ந்து அடையாறு கரை மீறிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை என்று வீடுகளுக்குள் புகுந்தது. மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்தார்கள். பள்ளிவாசலும் கோயிலும் கல்யாண மண்டபமும் கதவைத் திறந்தன. பல வருடமாகப் பேர் தெரியாமல் எதிரெதிரே குடியிருந்தவர்கள் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சினார்கள். யாரோ ஒருவர் வீட்டு இன்வெர்ட்டரில் தெருவே செல்போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டது. தண்ணீர் வடிந்ததும் தெருமுனைகளில் மெத்தை, சோபா, பீரோ, தொலைக்காட்சி என்று சேறு சொட்டச் சொட்டக் குவிந்தன. அந்தக் குவியல்களை அள்ளியவர்கள் வெளியூர்களிலிருந்தும் வரவழைக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் கையில் உறை இருந்ததா என்று அன்று கேட்டவர்கள் குறைவு.

ஆற்றங்கரைக் குடிசைக்காரர்கள் இழந்தது வேறு வகை. ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், ஒரே ஒரு கட்டில், தையல் மிஷின். பிறகு அவர்களில் ஏராளமானோர் நகரின் தென்கோடியில் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். கான்கிரீட் கூரையும் கழிப்பறையும் கிடைத்தன. அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்றுக் கொடுக்கிற அக்கா, வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, கடனுக்கு அரிசி அளக்கும் அண்ணாச்சி கடை எல்லாம் வேறு வேறு பிளாக்குகளுக்குச் சிதறிப்போயின, அல்லது சைதாப்பேட்டையிலேயே நின்றுவிட்டன. பொருளைக் கணக்கெடுக்கப் படிவம் இருக்கிறது. இந்த உறவுகளைக் கணக்கெடுக்கும் படிவம் எதையும் நான் பார்த்ததில்லை.

சரி, நாம் ஏன் கேட்பதில்லை? கௌரவம் முதல் காரணம். ‘ஏணி கூட இல்லையா’ என்று நினைத்துவிடுவார்களே என்ற கூச்சம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பற்றி நம் மொழியில் பழமொழியே இருக்கிறது. இரண்டாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. இரவல் கொடுத்தவர்கள் நியாயமாகவே சலித்துப்போயிருக்கிறார்கள். டிபன் கேரியர் போகும், மூடி வராது. மிக்சி ஜார் போகும், பிளேடு மழுங்கி வரும். நான் வாங்கிய டிரில்லிங் மிஷினை ஏழு வருடத்தில் நாலு முறை தொட்டிருக்கிறேன். அதில் ஒருமுறை இரவல் போய்ப் பிட்டு முறிந்து வந்தது. அன்றிலிருந்து அது பெட்டிக்குள் இருக்கிறது, நானும் யாரிடமும் அதைப் பற்றி வாய்திறப்பதில்லை. இதை உடைக்க நல்ல மனது மட்டும் போதாது, நோட்டு வேண்டும். எங்கள் சாய்ப்பின் சாவிக்காரர் யாரையும் தனியாக நம்பியதில்லை. நோட்டை நம்பினார், ஊர் அவரை நம்பியது.

நோட்டில் எழுதி உறவை வளர்ப்பது நமக்குப் புதிதா என்ன? புதுக்கோட்டை, தஞ்சாவூர்ச் சீமையில் ஆடி, ஆவணி பிறந்தால் மொய் விருந்துகள். வடகாடு, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் போனால் கறிச்சோறு ஒரு பக்கம், கணக்கு நோட்டு ஒரு பக்கம். பத்திரமில்லை, ஜாமீனில்லை. வாங்கியதைச் சில வருடங்களில் கூடுதலாகத் திருப்பி எழுதியாக வேண்டும். எழுதாதவர் பேர் ஊருக்கே தெரியும். அதிலும் குறைகள் இருக்கின்றன, மொய்க்காகவே கடன் வாங்கி மூழ்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்து ஊர்க்காரன் நோட்டே முதலீடு என்று ஒரு வட்டாரமே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறது.

பழைய பெருமையை இதற்கு மேல் பேசினால் பொய்யாகிவிடும். ‘தெற்குத் தெரு பொது’ என்று வெட்டிய அண்டா தெற்குத் தெருவுக்கு மட்டும்தான் பொது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த காலனிக்கு அது ஒருநாளும் போனதில்லை. கேட்கவே கூடாது என்பது யாரும் நோட்டில் எழுதாத விதி. அந்த மக்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு டவுனிலிருந்து வாடகைப் பாத்திரம் எடுத்துவந்தார்கள், வண்டி வாடகையும் சேர்த்துக் கொடுத்து. காசு கொடுத்தால் சாதி கேட்காத வாடகைக் கடை அவர்களுக்கு விடுதலை. சொந்தப் பாத்திரம் வாங்குவது அதைவிடப் பெரிய விடுதலை. ஆகவே பழைய சாய்ப்பைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. அண்டாவில் ‘பொது’ என்ற சொல் மட்டும் இருக்க வேண்டும். முன்னால் இருந்த தெருப்பெயர் போக வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு பொதுவை இந்த மாநிலம் ஏற்கனவே ஒருமுறை கட்டிக் காட்டியிருக்கிறது. 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். சொத்து வரியோடு சேர்த்து நாம் நூலக வரி கட்டுகிறோம், படிக்காதவரும் கட்டுகிறார். யாருடைய வீட்டுப் பரணிலும் இல்லாத புத்தகத்தை எல்லோரும் எடுத்துப்போய்ப் படிக்கிறார்கள், முத்திரை குத்திய தேதிக்குள் திருப்பித் தருகிறார்கள். யார் என்ன சாதி என்று அட்டையில் இல்லை. ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்ததை ரங்கநாதன் தம் 1931ஆம் ஆண்டு நூலில் விவரிக்கிறார். புத்தகம் காப்பாற்றி வைப்பதற்கு என்று நினைத்த காலம் அது. எடுத்துப் புழங்குவதற்கு என்று ஆன பிறகுதான் சங்கிலி கழன்றது. நம் வீட்டுப் பரண்களில் இன்னும் சங்கிலி இருக்கிறது.

புத்தகத்துக்குச் செல்லுபடியாகிற ஏற்பாடு ஏணிக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் ஏன் ஆகாது? அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் கருவிகளை இரவல் கொடுத்துவருகிறது. நம் கிளை நூலகங்களில் பலவற்றுக்கு ஒழுங்கான கழிப்பறையே இல்லாதபோது ஏணிக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். நியாயம். முதலில் சக்கர நாற்காலியிலிருந்து தொடங்கலாம். வாக்கர், கம்மோடு நாற்காலி, காற்று மெத்தை, 2021இன் கொரோனா இரண்டாம் அலைப் பயத்தில் வாங்கிப் பிறகு திறக்கப்படாத ஆக்சிஜன் செறிவூட்டிகள் இவை வார்டுக்கு ஓர் அறையில் சேர்ந்தால் போதும். பல ஊர்களில் ரோட்டரி, அரிமா சங்கங்கள் இதைச் சின்ன அளவில் செய்கின்றன. அதற்கு வார்டு அலுவலகம் ஓர் அறையும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு நோட்டும், குடியிருப்போர் சங்கம் இரண்டு தன்னார்வலர்களும் தந்தால் இந்த வருடமே நடக்கும். அரசு மட்டும் செய்தால் பூட்டு துருப்பிடிக்கும். சங்கம் மட்டும் செய்தால் அது சங்கக்காரர்களின் உறவினருக்கே சுற்றும். இரண்டு கையும் படவேண்டிய வேலை இது.

வியாபாரிகளையும் விட்டுவிட முடியாது. மிக்சி ஜாரின் கப்ளர் உடைந்தால் அந்தச் சின்ன ரப்பர் துண்டு கிடைக்காமல் புது மிக்சி வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழு அமைத்தது. தெருமுனையில் உட்கார்ந்து அந்த கப்ளரை மாற்றித் தருகிறவருக்கு உதிரிபாகம் கிடைக்கும்படி செய்வதுதான் அதன் உண்மையான பரீட்சை. அவருக்கு நடைபாதையில் ஆறடி இடம் கொடுப்பது மாநகராட்சியின் பரீட்சை. பேரம் பேசாமல் அவர் கேட்டதைக் கொடுப்பது நம்முடையது.

எல்லாம் போக மிஞ்சுவதை என்ன செய்கிறோம்? போகியன்று கொளுத்துகிறோம். பாயும் ஓலையும் எரிந்த காலத்து வழக்கத்தில் இன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தடுமாறின. கொளுத்தாதவர்கள் குப்பையில் போடுகிறோம். அது பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போகிறது. பெருங்குடிக் குப்பைமேட்டின் விளிம்பில் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் காப்பாற்றச் சொல்லி முத்திரை போட்ட இடத்தின் ஓரத்தில்தான் நம் பழைய மெத்தை கிடக்கிறது. நம் வீட்டிலிருந்து பொருள் மறைந்ததே தவிர, ஊரிலிருந்து மறையவில்லை. கொடுங்கையூரில் வாசல் திறந்தால் அந்த நாற்றம்தான்.

வீட்டுக்குள்ளே இன்னொரு நாற்றம் இருக்கிறது, மூக்குக்குத் தெரியாதது. போன சித்திரையில் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். எங்கள் வீட்டில் இரண்டாவது அறை ஒன்று உண்டு. அதில் அட்டைப்பெட்டிகள், ஓடாத நடைப்பயிற்சி மிஷின், அதன்மேல் காயும் துணிகள், எப்போதோ வாங்கிய சோபாவின் உறை. “ராத்திரி தங்கிட்டுப் போங்க சித்தப்பா” என்று சொல்லிவிட்டு நான் அந்த அறைக் கதவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். “இல்லப்பா, காலையில தண்ணி பாய்ச்சணும்” என்று கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அந்த மாதம் அவர் வயலில் தண்ணீர் பாய்ச்ச ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த வாரம்தான் எங்கள் அடுக்ககத்துக் கூட்டத்தில் பேச்செடுத்தேன். லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு எல்லாம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரம். யார் வீட்டில் ஏணி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். பதினாறு வீட்டில் ஒன்பது ஏணி! கொஞ்ச நேரம் சிரிப்புதான். பிறகு மூன்றாம் மாடி அம்மா எழுந்து, பரணில் இருப்பதை இறக்கித் தருகிறேன், யாராவது ஆண்பிள்ளை வந்து ஏறினால் போதும் என்றார். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி ஏறி இறக்கினாள். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த இடத்தை ஒழித்துக் கதவு போட்டோம். வீட்டுக்கு நானூறு ரூபாய் ஆனது. இரண்டு வீட்டார் தரவில்லை, ஆனாலும் அவர்களுக்குப் பொருள் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. காவலாளியும் வீட்டுவேலைக்கு வரும் அக்காமாரும் எடுக்கலாமா என்பதில் அரைமணி நேரம் சண்டை நடந்தது. எடுக்கலாம் என்று முடிவானது. அந்த அரைமணி நேரத்தைத்தான் நான் கூட்டத்தின் உருப்படியான பகுதி என்பேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று ஆணியில் தொங்குகிறது. முதல் பதிவு சக்கர நாற்காலி. எடுத்துப்போனவர் காவலாளி, ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்த அவருடைய அம்மாவுக்காக. பதினேழு நாளில் துடைத்துத் திருப்பி வைத்தார், கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம். மூன்றாம் மாடி அம்மா அந்தப் பதினேழு நாளில் நாலைந்து முறை காவலாளி அறைக்குப் போய்வந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. என் டிரில்லிங் மிஷினும் அங்கேதான் இருக்கிறது, புதுப் பிட்டோடு.

ஆறடி ஏணி மட்டும் போய் ஒன்றரை மாதமாகிறது, திரும்பவில்லை. நோட்டில் பேர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்ட வேண்டும்.